நாலு காலா, ஒத்தக் காலா

என் மனைவி செல்வநாயகியோடு பஸ்ஸில் போவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் அவளுக்கு வேலை. கரண்டு கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர்களில் பிசிறு நீக்க வேண்டும். அதனால் ஊரில் நிற்கிற டவரெல்லாம் தன் சொந்தபந்தம் என்று நினைப்பு. திட்டக்குடி போய்ச் சேர்வதற்குள், "அங்க பாருங்க, இது இடுப்பு பெருத்த டவரு, அது ஒல்லி" என்று என் கழுத்தைச் சுளுக்க வைத்துவிடுவாள்.

கடைசியில் டவர் எங்கள் வயலுக்கே வந்தது. ஸ்ரீமுஷ்ணம் ரோட்டோரம் அவள் அப்பா கொடுத்த ஒரு காணி. நட்ட நடுவில் நாலு கால் டவர் என்று மின்வாரிய இன்ஜினியர் இளவழகன் கல் ஊன்றிவிட்டுப் போனார். கால்களுக்கு நடுவே டிராக்டர் நுழையாது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் வாசலில் கோலமாவால் வயலை வரைந்தாள். களிமண்ணில் நாலு ஈர்க்குச்சி ஊன்றி ஒரு டவர். பூரிக்கட்டையை நிறுத்தி இன்னொன்று. சோப்பு டப்பாதான் டிராக்டர், ஓட்டுவது நான். குச்சிகளில் முட்டிக்கொண்டது, பூரிக்கட்டையை ஜோராகச் சுற்றி வந்தது. நான் டுர்ரென்று சத்தம் வேறு கொடுத்தேன்.

"சென்னை போறப்ப பார்த்தமே, ஒத்தக்கால் டவரு. அதையே கேட்டுடலாங்க" என்றாள்.

கேட்டாள், விடாமல் கேட்டாள். இளவழகனும் மேலே பேசிவிட்டு வயலுக்கு வந்தார்.

"ஒத்தக்கால் போடலாம்மா. ஆனா கிட்டக் கிட்ட நடணும். ஒங்க வயல்ல ஒண்ணு, பக்கத்து வயல்ல ஒண்ணு வரும். நாலு காலுன்னா கம்பி அந்த வயலைத் தாண்டிப் போயிடும்."

பக்கத்து வயல் அனுசியாவுடையது. வெறும் அரைக்காணி, புருஷன் போனபிறகு அவளுக்குச் சோறு போடுவது அதுதான். வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. நல்லா வேணும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

செல்வநாயகி அனுசியாவின் வயலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நாலு காலே போட்டுடுங்க சார்" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கத்தினேன். "கிறுக்கு புடிச்சிருக்குதா ஒனக்கு?"

"அந்தத் துண்டு நெலத்துல ஒண்ண நிறுத்துனா அவங்க எங்கங்க போவாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அவள்மேல் ஆசை வந்தது.

டவர் எழுந்தது. தை மாதம் டிராக்டர் சுற்றிலும் உழுதுவிட்டு, கால்களுக்கு நடுவே ஒரு சதுரத்தை அப்படியே விட்டுப் போனது. நாங்கள் மண்வெட்டியால் கொத்த ஆரம்பித்தோம். வரப்பைத் தாண்டி அனுசியா வந்தாள், கையில் மண்வெட்டி. இளவழகன் நடந்ததைச் சொல்லியிருப்பார் போல. எங்களைப் பார்க்காமல் எதிர் மூலையிலிருந்து கொத்திக்கொண்டே வந்தாள். பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்து செல்வநாயகியிடம் கேட்டாள்:

"எள்ளா, உளுந்தா?"

"உளுந்துக்கா" என்றாள் என் மனைவி.