மாவில் பதிந்த கை

வெர்லிக்குக் கல்யாணம் ஆனபோது தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அதுவரை ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி வெளுக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் தம்பிமாருக்குச் சமையல். அவர்கள் ஒவ்வொருவராகக் குடும்பமாகிப் போனார்கள். கடைசித் தம்பி போகும்போது அம்மாவின் பாத்திர பண்டங்களையும் வாரிக்கொண்டு போனான். ஒற்றை ஆளான அக்காவுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவன் கேட்டது நியாயம்தானே என்று வெர்லியும் நினைத்தாள். அப்படி நினைத்தே பழகிப்போன பிறவி.

ஆர்லிஸ் காலமெல்லாம் நிலக்கரி வெட்டி, அந்தக் கரியில் பாதியை நெஞ்சுக்குள் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர். மனைவி நோலா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சர்ச் விருந்தில் வெர்லி வைத்த குழம்பைத் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். சட்டி காலியான பிறகும் நகராமல் நின்று, "என் வீட்டுக்கு வந்து இதை வைக்கிறியா?" என்று கேட்டார். எங்கள் கென்டக்கி மலையில் பெண் கேட்கிற லட்சணம் அவ்வளவுதான்.

குழம்பு என்றால் வெள்ளைக் குழம்பு. சாசேஜ் கொத்துக்கறியை இரும்பு வாணலியில் சிவக்க வதக்கி, அது விட்ட கொழுப்பிலேயே மாவைத் தூவி வறுத்து, பால் ஊற்றிக் கிண்டி, மிளகுப்பொடியைக் கை நிறைய அள்ளிப் போட வேண்டும். அதற்கு ஜோடி பிஸ்கட். டீயில் முக்கித் தின்கிற சமாசாரம் அல்ல. சூட்டில் உப்பி எழும், பிட்டால் ஆவி பறக்கும், குழம்பை அப்படியே குடித்துவிடும்.

அந்த பிஸ்கட்டுக்கு இங்கே யாரும் மாவு அளப்பதில்லை. மரத்தைக் குடைந்து செய்த அகன்ற மரவையில் எப்போதும் மாவு நிறைந்திருக்கும். நடுவில் முஷ்டியால் குழித்து, கொழுப்பும் மோரும் விட்டு, சுற்றியிருக்கும் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிசைவார்கள். உருண்டையை எடுத்துக்கொண்டு, கட்டி தட்டியதைப் பொறுக்கிவிட்டுத் துணி போட்டு மூடினால், மீதி மாவு நாளைக்கு. மரவையைக் கழுவுகிற வழக்கம் கிடையாது, துடைப்பதோடு சரி.

நோலாவின் மரவை அலமாரியில் அப்படியே இருந்தது. வெர்லி வந்த அன்றைக்கே ஆர்லிஸின் மகள் ட்வைலா துணியைத் தூக்கிக் காட்டினாள். கல்யாணம் ஆனவளானாலும் மூத்த பெண்ணை எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸ் வெர்லி, இது முழுக்க உங்க வீடு. எதை வேணா மாத்துங்க, நான் வாயே தொறக்கமாட்டேன். இதை மட்டும் தொட்டுறாதீங்க. இந்தக் குழி எங்கம்மா கை போட்டது."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஆர்லிஸ் ஜன்னலைப் பார்த்து இருமினார்.

வெர்லி தொடவில்லை. அவளுடைய அம்மாவின் மரவையோ தம்பியோடு போயிருந்தது. குழம்பை மட்டும் தன் கையால் வைத்துவிட்டு, கடையில் பிசைந்த மாவாகவே குழாய் டப்பாவில் விற்கிற பிஸ்கட்டை வாங்கி, மேஜை விளிம்பில் தட்டித் திறந்து சுட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இதைவிட மானக்கேடு வேறு இல்லை. ஆர்லிஸ் நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. விருந்தாளியாகவே இருந்துவிடுவோம் போலிருக்கிறது என்று பட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை அவள் இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அலமாரியைத் திறந்தவள், மூடிய துணிமேல் வண்டு ஊர்வதைப் பார்த்தாள். துணியைத் தூக்கினால் மாவெங்கும் வண்டு. மாவைக் கோழிகளுக்குக் கொட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆயுசெல்லாம் அழுக்கைக் கண்டால் வெந்நீருக்கும் சோப்புக்கும் ஓடிய கை அது, யோசிக்கிற புத்திக்கு முன்னால் ஓடியது. மரவையைத் தேய்த்து அலசி வெயிலில் வைத்த பிறகுதான், சின்ன வயதில் மரவையில் தண்ணீர் சிந்தியதற்காக அம்மா அறைந்தது ஞாபகம் வந்தது. மரம் சொரசொரவென்று சிலிர்த்துவிட்டது. ஓரத்தில் மெல்லிசாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. பெட்டியைப் பிரிக்காததும் நல்லதாகப் போயிற்று, திரும்பிப் போகச் சுலபம் என்று வெர்லி நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்தா ட்வைலாவின் கார் வந்து நிற்க வேண்டும்?

வாசல் திண்டில் காய்ந்த மரவையை ட்வைலா பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"வண்டு விழுந்துருச்சும்மா" என்றாள் வெர்லி. "மாவைக் கொட்டிட்டேன். கழுவினது என் புத்திகெட்ட வேலை. உன் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு தெரியல."

"ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன், மிஸ் வெர்லி?" ட்வைலாவின் குரல் உடைந்தது. "அம்மா கைன்னு அது ஒண்ணுதான இருந்துச்சு?"

தோட்டத்திலிருந்து வந்த ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அவளைத் திட்டாத. அந்தக் குழி உங்கம்மா கை போட்டது இல்ல."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அடக்கம் முடிஞ்ச மறுநாள் காலையில எனக்குப் பசிச்சுது. அவ இல்லாம எனக்கு எப்படிப் பசிக்கலாம்னு என்மேலயே கோவம். அவ பிசையிறத ஆயுசு பூரா பாத்தவன்தானன்னு நானே கையை விட்டேன். வந்தது பிஸ்கட்டில்ல, செங்கல்லு. நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. மத்தியானம் நீ வந்து அந்தக் குழியைப் பாத்து அழுதியா, அதுக்கப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரல."

"அப்போ நான் இத்தனை நாளா..."

"என் கையைப் பாத்துதான் அழுதிருக்க."

ட்வைலா அழுகையும் சிரிப்புமாகப் படியில் உட்கார்ந்துவிட்டாள். வெர்லிக்கும் கண் நிறைந்தது. பசித்ததற்காக வெட்கப்பட்ட அந்த மனிதர்மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம் வந்தது.

"அந்த டப்பா பிஸ்கட்டை வாயே தொறக்காமத் தின்னீங்களே" என்றாள்.

"செங்கல்லு சுட்டவன் என்னத்தச் சொல்றது?"

ஆர்லிஸ் பன்றிக்கொழுப்பைச் சூடாக்கி மரவைக்குத் தேய்த்தார். விரிசல் ஓரளவு அடங்கியது. புது மாவு மூட்டையைப் பிரித்து நிரப்பியது ட்வைலா. வெர்லி தயங்கித் தயங்கி முஷ்டியை இறக்கினாள். மோர் ஊற்றிப் பிசையத் தொடங்கியதும் விரல்கள் தாமாகவே பழைய வேலையைக் கண்டுகொண்டன. பிஸ்கட் உப்பி வந்தது. அடி மட்டும் கொஞ்சம் கருகியிருந்தது. ஆர்லிஸ் பிட்டுக் குழம்பில் புரட்டி வாயில் போட்டார்.

"அம்மாது மாதிரி இல்ல" என்றாள் ட்வைலா. பிறகு தட்டை நீட்டினாள். "இன்னொண்ணு வைங்க."

சாப்பிட்டு முடித்ததும் ஆர்லிஸ் உதவுகிற நினைப்பில் எழுந்துபோய், மரவையில் மிஞ்சிய மாவைச் சமன்படுத்தக் கையை நீட்டினார். ட்வைலா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கலைச்சிராதீங்கப்பா. அது மிஸ் வெர்லி கை."

பிறகு துணியை எடுத்து, குழியில் படாமல் மூடி, மரவையை அலமாரியில் வைத்தாள்.