அக்கா எடுத்த போன்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா யாழ்ப்பாணத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். இங்கே ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் அலுவலகங்களில் அவருக்காக நானே பேசி வளர்ந்தேன். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கத்தில் இதை ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். என்னைவிட இரண்டு வருடம் மூத்த அக்கா அவர். நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர்.

புதியவர்களை வரவேற்கும் நாளில் மூத்தவர்களின் பகிடிவதை இருக்கும் என்று தெரியும். பாட்டோ ஆட்டமோ என்று நினைத்திருந்தேன். என் முறை வந்ததும் அக்கா, "உன்ர அம்மா டெர்மின் கேக்கிற மாதிரி நடிச்சுக் காட்டு" என்றார். டெர்மின் என்றால் அலுவலகத்தில் சந்திக்கக் கேட்கும் நேரம்.

"ஏலாது அக்கா."

"ஏனாம்? எனக்குச் சொல்லேக்க வடிவாச் சொன்னனி."

முப்பது பேர் காத்திருந்தார்கள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உடைந்த ஜெர்மனில், எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நன்றாகவே நடித்தேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

மறுநாளே என் பெயர் போட்டுச் சங்கத்துக்கு முறைப்பாடு எழுதினேன். பகிடிவதையை நிறுத்த வேண்டும், அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று கேட்டேன். சங்கச் செயலாளரே அக்காதான். அவர் எனக்குப் பதில் எழுதவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்தார். பிள்ளையோடு பிரச்சினை என்றால் தாயிடம் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். எனக்கு இருபது வயது.

அன்று பின்னேரம் அம்மா சொன்னார்: "அந்தப் பிள்ளை போனில அழுகுது. நான் மன்னிப்புக் கேட்டிட்டன். நீ கடிதத்தைத் திருப்பி எடு."

"என்ன நடந்தது எண்டு சொன்னவவோ?"

"ஓம். பகிடிதானாம். நீயும் நல்லா நடிச்சனியாம்." போனை மேசையில் வைத்தார். "நான் அப்பிடியே கதைக்கிறனான்?"

கடிதத்தை நான் திருப்பி எடுக்கவில்லை.

கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன், நான் நடித்ததையும் சேர்த்து. அக்கா கண்ணைத் துடைத்தார். "உன்னை என்ர தங்கச்சி மாதிரியெல்லோ வச்சிருந்தனான்."

கடைசியில் ஒரு விதி எழுதினார்கள்: இனிமேல் புதியவர்களின் சம்மதத்தை முதலே கேட்க வேண்டும். கேட்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். யாரோ அக்காவின் பெயரைச் சொன்னதும் ஆதரித்துக் கைகள் உயர்ந்தன. வரவேற்பு நாளில் என் முறைக்கு முன் முழங்காலில் நின்று பாடவைக்கப்பட்ட புதிய பெண்ணும் கை தூக்கினாள்.

உறுப்பினர் பட்டியலில் என் பெயரை நானே வெட்டிவிட்டு வெளியே வந்தேன்.