நமுப்பு எடுக்கும் மெக்கானிக்

ஏற்காட்டில் ஏசி மெக்கானிக் கடை போட்டால் ஊர் என்ன சொல்லும்? சாதிக் பாஷாவை என்னென்ன சொல்ல முடியுமோ அத்தனையும் சொன்னது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு மாசத்துக்குப் பேச வேறு விஷயமே தேவைப்படவில்லை. இதில் கூடுதல் வேடிக்கை, அவனுடைய அத்தா பஷீர் அகமது ஏரிக்கரை ரோட்டில் முப்பது வருஷமாக ஸ்வெட்டர் விற்கிறவர். ஒரே கடை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, ஆளுக்கொரு ஷட்டர். இந்தப் பக்கம் அத்தா குளிருக்குப் போர்த்திவிடுகிறார். அந்தப் பக்கம் மகன் குளிரை ரிப்பேர் செய்கிறான். சுற்றுலா வந்தவர்கள் இரண்டு போர்டையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். போட்டோ எடுத்தவர்களில் ஒருத்தரும் ஸ்வெட்டர் வாங்கவில்லை என்பதுதான் பஷீர் அகமதுவின் வயிற்றெரிச்சல்.

சாதிக் ஒன்றும் விவரம் கெட்டவன் இல்லை. சேலத்தில் ஐடிஐ முடித்து, சென்னையில் எட்டு வருஷம் அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தவன். ஒரு சித்திரை மாசம் லீவில் வந்தபோது ஏரியிலிருந்து லேடீஸ் சீட் பாறைமுனை வரைக்கும் சும்மா நடந்தான். வழியில் வீட்டுச் சுவர்களில் பதினாறு ஏசி அவுட்டோர் பெட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் ஒன்றுகூட இருக்காது. மலையிலும் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. ஏசி ஏறிவிட்டது, மெக்கானிக்தான் இன்னும் ஏறவில்லை. ரிப்பேர் என்றால் அடிவாரத்துக்குப் போன் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி ஆள் வருகிற வரைக்கும் விசிறிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த வாரமே சென்னை வேலையை விட்டுவிட்டான்.

"ஸ்வெட்டர் கடைக்காரன் மகன் ஏசி மாட்டறானாமா!" என்று பஷீர் அகமது தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் கடையில் பாதியைத் தடுத்துக் கொடுத்தார். திட்டுவதும் கொடுப்பதும் அவரிடம் எப்போதும் ஒன்றாகத்தான் வரும்.

முதல் கோடை நன்றாகத்தான் போனது. சேர்வராயன் கோயில் திருவிழா சமயத்தில் அவனுக்குச் சாப்பிட நேரமில்லை. குரங்குகள் குழாய்மேல் சுற்றியிருந்த இன்சுலேஷனைப் பஞ்சுமிட்டாய் மாதிரி பிய்த்துப் போட்டிருக்கும். அவுட்டோருக்குள் அணில் குடித்தனம் நடத்தும். சென்னையில் படிக்காத பாடமெல்லாம் இங்கே படித்தான். ஆனி பிறந்தது, மழை பிடித்தது, போன் தூங்கிவிட்டது. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனைவி ஆயிஷாவிடம், "எதுக்கும் எனக்கு ஒரு ரிங் குடு, போன் கெட்டிருக்குதான்னு பாப்பம்" என்றான். அவள் அடுப்படியிலிருந்தே அடித்தாள். போன் கணீரென்று அடித்தது. அதுதான் அந்த வாரத்தில் அவனுக்கு வந்த ஒரே அழைப்பு.

பஷீர் அகமது அன்றைக்குச் சாயங்காலம் தடுப்புப் பலகையைத் தட்டினார்.

"ஐப்பசியில லூதியானா ஸ்வெட்டர் சரக்கு வந்து எறங்கும். வெக்க எடமில்ல. அதுக்குள்ள உன்ற யாவாரம் ஒரு வழிக்கு வந்தா பாக்கலாம். இல்லைன்னா போர்டைக் கழட்டிட்டு இந்தப் பக்கம் வந்து உக்காரு கண்ணு."

சாதிக் பாஷாவுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அத்தா சொன்னதைச் செய்கிறவர். அந்தக் கடை போய்விட்டால் மறுபடி சென்னைச் சுவர்தான். வாடகைக்கு வேறு இடம் பிடிக்க அவனிடம் வசதியும் இல்லை. ஆகவே காலையில் ஏழு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிட்டு, விளம்பரத்துக்காகச் சுவரில் மாட்டியிருந்த பழைய ஏசியைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினான். ஷட்டர் நாள் முழுக்கத் திறந்திருப்பதைப் பார்த்து அத்தாவுக்கு மட்டும் கொஞ்சம் திருப்தி. அவர் கணக்கில் திறந்த கடைதான் நடக்கிற கடை.

ஆவணி மாசம் வெள்ளக்கடை கிராமத்திலிருந்து போன் வந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலுசாமியின் மனைவி கமலா.

"ஏனுங்க, ஏசி ஒழுவுதுங்க. செவுரு பூரா ஊறிப் போச்சு. வெள்ளிக்கெழம எம்பொண்ணு ஐஸ்வர்யாவுக்கு வளைகாப்பு. கொஞ்சம் வெரசா வாங்க."

மழையில் ஒரு அழைப்பு! சாதிக் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். போய்ப் பார்த்தால் ஏசி நல்லபடியாக இருந்தது. சேலத்து மாப்பிள்ளை சித்திரையில் வந்தபோது வேர்த்துப் போனார் என்பதற்காக வாங்கியது. அவர் போனதோடு அணைத்தவர்கள் மறுபடி தொடவே இல்லை. சுவர் ஊறியிருந்தது உண்மை. ஆனால் அது மலை ஈரம். கதவிடுக்கில் மேகம் உள்ளே வருகிற ஊரில் சுவர் ஊறாமல் என்ன செய்யும்?

"ஓடாத ஏசி எப்புடிங்க ஒழுவும்?" என்றான்.

கமலாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்தவனை வெறும் வாயோடு அனுப்புவதா என்று, வளைகாப்புக்காகச் சுட்டு வைத்திருந்த முறுக்கில் நாலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். சாதிக் ஒன்றைக் கடித்தான். சத்தமே வரவில்லை. துணியைக் கடித்தது போல இருந்தது.

"நமுத்துப் போச்சுங்க" என்றார் கமலா. அவர் கண் கலங்கிவிட்டது. "மூணு நாள் சுட்டனுங்க. டப்பாவுல போட்டு, துணி கட்டி, என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். சம்பந்தி ஊட்டுக்காரங்க சேலத்துல இருந்து வராங்க. வாயில போட்டா என்ன நெனப்பாங்க?"

சாதிக் ரிமோட்டைக் கேட்டான். அதில் ஒரு பொத்தானின் மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இது எதுக்குங்க?"

"அதுல தண்ணிச் சொட்டுப் படம் போட்டிருக்குதுங்களே! ஊட்டுக்குள்ள ஏற்கனவே ஈரம் தாங்கல. இதுல யாராச்சும் கைதவறி அமுக்கி, அது வேற தண்ணி ஊத்துனா என்ன பண்றது? அதான் மூடி வெச்சேன்."

சாதிக் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். ஏனென்றால் அந்த நொடியில் அவனுக்கு ஒன்று உறைத்தது. இந்த ஊரில் எத்தனை வீட்டில் இந்தப் பொத்தானை யாரும் தொடாமல் வைத்திருப்பார்கள்! கோடையில் ஏசி மாட்டிக் கொடுத்தபோது அவனேதான், "அதுக்குப் பேரு டிரை மோடுங்க, ஹியுமிடிட்டியைக் கொறைக்கும்" என்று எல்லாரிடமும் சென்னை பாஷையில் சொல்லிவிட்டு வந்திருந்தான். தலையாட்டினார்களே தவிர, அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற பொத்தான் என்று ஒருத்தருக்கும் புரிந்திருக்காது. தப்பு அவன்மேல்தான்.

பிளாஸ்திரியை உரித்தான். அறையின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினான். பொத்தானை அமுக்கினான். வெளிச்சுவரில் தண்ணீர்க் குழாய் இறங்குகிற இடத்தில் ஒரு பக்கெட்டை வைத்தான்.

"பகல்ல மட்டும் போடுங்க. ராத்திரிக் குளுருல போட்டா உள்ள ஐஸ் கட்டிக்கும். முறுக்க இன்னொருக்கா எண்ணெயில காட்டி எடுத்து, இந்த ரூம்புலயே வெச்சுப் பாருங்க."

சாயங்காலம் பக்கெட் பாதி நிறைந்திருந்தது. கமலா அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். மழையில் நனையாத பக்கெட், மேலே கூரை இருக்கிறது, வீட்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறது. பிறகு அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கணவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இங்க வாங்க! நம்ம ஊட்டு நமுப்பு பூராத்தையும் இந்த மெசினு புடிச்சுப் பக்கெட்டுல ஊத்தியிருக்குதுங்க!"

நமுப்பு என்ற சொல் அகராதியில் இருக்கிறதோ இல்லையோ, வெள்ளக்கடையில் அன்றைக்குப் பிறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வளைகாப்பில் சம்பந்தி வீட்டார் முறுக்கைக் கடித்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டதாம். ஆவணி மழையில் இப்படி மொறுமொறுப்பா என்று எல்லாரும் கேட்க, கமலா எல்லாரையும் அழைத்துப் போய் பக்கெட்டைக் காட்டினார். பெண்ணுக்கு வளையல் போட்டதைவிட அந்தப் பக்கெட்டைப் பார்த்ததுதான் நிறையப் பேருக்கு ஞாபகம் இருந்தது.

அதற்கப்புறம் போன் தூங்கவில்லை. "நமுப்பெடுக்கறவருங்களா?" என்றுதான் எடுத்தவுடன் கேட்டார்கள். ஹோம்ஸ்டே நடத்துகிற ஜாபெஸுக்குப் படுக்கை விரிப்பெல்லாம் ஈரநாற்றம். ரிட்டையரான பாட்டு டீச்சர் ஈவ்லினுக்குப் பியானோ கட்டைகள் ஊறிப்போய், அமுக்கினால் எழுந்திருப்பதில்லை. இருக்கிற ஏசியைச் சுத்தம் செய்து, குழாயில் குளவி கட்டிய கூட்டைக் குத்தி எடுத்து, சொட்டுப் பொத்தானைக் காட்டிக் கொடுத்துவிட்டு, பக்கெட்டும் வைத்துவிட்டு வந்தான் சாதிக். ஈவ்லின் டீச்சர் பத்து நாள் கழித்துப் போன் செய்தார். ஒரு பாட்டை முழுதாக வாசித்துவிட்டு வைத்துவிட்டார். சாதிக் நாகலூர் ரோட்டோரம் பைக்கை நிறுத்தி, மழையில் நனைந்துகொண்டே அதைக் கேட்டான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவன் நனைந்ததில்லை.

ஆனால் பாருங்கள், வேலை கூடக் கூடக் கடை மூடியே கிடந்தது. காலையில் பூட்டிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வருவான். பஷீர் அகமது தன் நாற்காலியிலிருந்து அந்தப் பூட்டிய ஷட்டரை நாளெல்லாம் பார்த்தார்.

"அவிய வேலைக்குத்தானுங்க அத்தா போறாங்க" என்றாள் ஆயிஷா.

"எந்த ஊர்லம்மா மழையில ஏசிக்கு ஆளைக் கூப்புடறான்? வெக்கப்பட்டுக்கிட்டு எங்கியோ போயி உக்காந்துட்டு வரான். நீயும் அவனுக்கு ஒத்து ஊதாத."

டீக்கடையில் நமுப்பெடுக்கிறவரைப் பற்றிப் பேசுவது அவர் காதிலும் விழத்தான் செய்தது. கீழே சேலத்திலிருந்து எவனோ புதிதாக மருந்து விற்க வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். சாதிக்கும் வாயைத் திறக்கவில்லை. கெடு முடிகிற அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வோம் என்று ஒரு வீம்பு. அப்பனும் மகனும் இதில் ஒரே அச்சு.

ஐப்பசி மூன்றாம் தேதி லாரி வந்தது. சாதிக் அதை அறியாமல் ஜாபெஸின் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தான். ஐந்து மணிக்கு, முகமெல்லாம் பனி ஒட்ட, கடைக்கு வந்து சேர்ந்தான்.

அவன் பூட்டிவிட்டுப் போன ஷட்டரை அத்தா மாற்றுச் சாவி போட்டுத் திறந்திருந்தார். உள்ளே தரையிலிருந்து தோள் உயரத்துக்கு ஸ்வெட்டர் மூட்டைகள். சாமான்களெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கப்பட்டு மூலையில் இருந்தன. போர்டு கழற்றப்பட்டு, சுவரோரம் முகத்தைத் திருப்பிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

சாதிக் போர்டைத் திருப்பிப் பார்த்தான்.  முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"போர்டைக் கழட்டிட்டீங்க" என்றான்.

"கழட்டித்தான் ஆகோணும்" என்றார் பஷீர் அகமது, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். "அதுல எழுதியிருக்கறது பொய்யி."

"அத்தா..."

"குறுக்க பேசாத. காத்தாலருந்து ஏழு பேரு வந்தாங்க. அத்தன பேரும் நமுப்பெடுக்கறவரு கடை எங்கீங்கன்னு கேட்டாங்க. ஏசின்னு ஒருத்தன் வாயில வரல. இங்க அப்புடி யாரும் இல்லீங்க, ஒரு ஏசிக்காரன்தான் இருந்தான், அவனும் கடையத் தொறக்கறதில்லைன்னு மொத ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன். மூணாவதா டீச்சரம்மா வந்தாங்க. உன்ற பேரைச் சொன்னாங்க. பாட்டு வாசிச்ச கதையும் சொன்னாங்க. அப்பறம்தான் எனக்கு வெளங்குச்சு."

காலண்டர் தாளின் பின்பக்கத்தை நீட்டினார். மீதி ஐந்து பேரின் பெயரும் போன் நம்பரும் வரிசையாக இருந்தன. அவருடைய கோணல் எழுத்து.

"நீ தொறந்து வெச்சு உக்காந்திருந்தப்ப யாவாரம் நடக்குதுன்னு இருந்தேன். மூடிக் கெடந்தப்ப போண்டியாயிருச்சுன்னு நெனச்சேன். முப்பது வருசமா கடையில உக்காந்த புத்தி, அப்புடித்தான் பாக்கும். பெயிண்டர் சின்னசாமிகிட்டச் சொல்லிட்டேன், நாளைக்கு வரான். நமுப்பு எடுக்கப்படும்னு பெருசா எழுதச் சொல்லு. ஏசிய வேணும்னா கீழ சின்னதாப் போட்டுக்க."

"அப்ப இந்த மூட்டை?"

பஷீர் அகமது தொண்டையைக் கனைத்தார். பிறகு எழுந்தார். வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற அதே குரலில், சொந்த மகனிடம் சொன்னார்.

"ஏனுங்க மெக்கானிக்கு, வருசா வருசம் நம்ம சரக்கு ஈரம் கோத்து நாத்தம் அடிக்குதுங்க. பாச்சை உருண்டை போட்டும் தீரல. உங்க பக்கந்தான் ஏசி இருக்குதுன்னு கொண்டாந்து அடுக்கிட்டேன். கொஞ்சம் பாத்துக் குடுக்கறீங்களா?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரிமோட்டை எடுத்து அத்தாவின் கையில் கொடுத்து, எந்தப் பொத்தான் என்று விரலால் காட்டினான். பஷீர் அகமது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். விரல் பாதியில் நின்றது.

"ஏன் சாமி, இதுல தண்ணிச் சொட்டு போட்டிருக்குதே. சரக்கு நனைஞ்சிராதா?"

"அமுக்குங்க அத்தா" என்றான் சாதிக். ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான்.

பஷீர் அகமதுவும் பின்னாலேயே வந்தார். குழாய் நுனியில் முதல் சொட்டு திரண்டு வர கொஞ்ச நேரம் ஆனது. அது விழுந்ததும் அவர் கடைக்குள் போனார். ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தது. ஸ்வெட்டர் விற்கிற நேரம். அவர் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த நேரத்தில் தன் கடை ஷட்டரை இறக்கினார். ஸ்டூலை எடுத்து வந்து பக்கெட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.