இரண்டு பக்கமும் சிவந்த மூளை

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் தண்டாயுதபாணியைத் தெரியாத புடவைக்காரர் கிடையாது. அவர் நெய்வதுமில்லை, விற்பதுமில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்டருக்கும் முந்திக்கும் டிசைன் போடுகிறவர். மயில் கேட்டால் மயில், யானை கேட்டால் யானை. கல்யாணப் பெண்ணின் பெயரை முந்தியில் போடச் சொன்னாலும் கோணாமல் போட்டுத் தருவார். யாராவது ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் மட்டும் மனிதர் உருகிப்போவார், அன்றைக்கு வேலை பாதிதான் நடக்கும்.

அப்படிப்பட்டவருக்கு மூளையை வரைகிற வேலை வந்து சேர்ந்தது.

வந்த வழி சந்தோஷமானதல்ல. அவருடைய அண்ணன் சின்னண்ணனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. பெயர்தான் சின்னண்ணன், வீட்டுக்கு மூத்தவர் அவரே. வலது கை தளர்ந்தது, பேச்சு போனது. காலும் முகமும் தேறிவிட்டன. பேச்சில் ‘சரி’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சியது. காபி வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, கோபம் வந்தால் சத்தமாகச் சரி. மனுஷனுக்குப் புத்தியே போய்விட்டது என்று சொந்தபந்தங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள். தறிக்கூடத்தையே கட்டி ஆண்டவரைக் கைக்குழந்தைபோலக் கொஞ்சினார்கள். பார்க்கப் பார்க்கத் தண்டாயுதபாணிக்குப் பொறுக்கவில்லை.

சேலத்து நரம்பியல் டாக்டர் உஷாராணி மட்டும் அப்படியில்லை. தலையணை கனத்தில் இருந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சின்னண்ணன் முகத்தைப் பார்த்தே பேசினார்.

“இதோ பாருங்கய்யா, பேச்சுக்கான இடம் இது, இடது பக்கம். உங்களுக்கு அடிபட்டது இந்த இடந்தான். நாங்க பேசறதெல்லாம் உங்களுக்குப் புரியுது, எனக்குத் தெரியும்” என்று அவருடைய தலையின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். சின்னண்ணன் கண்கலங்கிவிட்டார்.

“ஏனுங்க டாக்டரம்மா, இந்த மாதிரி தமிழ்ல புஸ்தகம் இல்லீங்களா? ஊட்டுக்குக் கொண்டுபோய் நாலு பேருக்குக் காட்டோணுமுங்க” என்றார் தண்டாயுதபாணி.

“நானே எழுதிட்டிருக்கேன். நர்சுகளும் வீட்டுல பாத்துக்கிறவங்களும் புரட்டிப் பாக்கற மாதிரி. படம் போடத்தான் ஆள் கிடைக்கல.”

நம்மாள் சும்மா இருப்பாரா? “நான் போடறேனுங்க” என்று சொல்லி, அந்தக் கனத்த புத்தகத்தையும் மாதிரிக்கு இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டரில் மயிலுக்கு இடமில்லாமல் போனது. மூளைத் தண்டு, நரம்பு, ரத்தக்குழாய் என்று திரை நிறைந்தது. கல்யாணப் புடவைக்கு டிசைன் சொல்ல வந்த தனப்பிரியா என்ற பெண், சிறுமூளையின் மடிப்புகளைப் பார்த்துவிட்டு, “இந்த பார்டர் புதுசா இருக்குதுங்களே, எனக்கு இதையே பச்சையில போட்டுக் குடுங்க” என்று கேட்டாள். அவருக்கு ஏக குஷி.

ஆனால் உயிரைக் கொடுத்து வரைந்தது பேச்சுக்கான படத்தைத்தான். தலையை மேலிருந்து பார்க்கிற மாதிரி மூளை, சாம்பல் நிறம், பேச்சுக்கான இடம் மட்டும் நல்ல சிவப்பு. அண்ணனுக்குப் போனது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று ஊருக்கே காட்ட வேண்டும். கலரில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தபோது, அத்தை வள்ளியாத்தாள் சின்னண்ணனைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். நல்லதாகப் போயிற்று என்று தண்டாயுதபாணி படத்தை அத்தை முன்னால் விரித்தார்.

“படம் நல்லாத்தான் இருக்குது சாமி” என்றார் அத்தை. “ஆனா பாவம், இதெல்லாம் அவனுக்கு எங்க புரியப்போவுது?”

சின்னண்ணன் படத்தை இடது கையால் தன் பக்கம் இழுத்தார். உற்றுப் பார்த்தார். வலப்பக்கத்துச் சிவப்பில் விரலை வைத்து, “சரி” என்றார். பிறகு கையை வேகமாக ஆட்டினார். “சரி! சரி!”

“பாத்தியா? எதக் காட்டுனாலும் சரிதான்” என்றார் அத்தை.

சின்னண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. வலப்பக்கத்துச் சிவப்பை உள்ளங்கையால் மூடினார். இடப்பக்கத்துச் சிவப்பைத் தட்டினார், தன் தலையின் இடப்பக்கத்தைத் தட்டினார், வாயைத் தொட்டார். தம்பி இன்னும் முழித்துக்கொண்டு நிற்கவே, பக்கத்தில் கிடந்த புடவையை இழுத்து இந்தக் கரையைக் காட்டினார், அந்தக் கரையைக் காட்டினார், மூலையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

தண்டாயுதபாணிக்குச் சுரீர் என்று உறைத்தது. டிசைன்காரர் யாரும் முழுசாக வரைவதில்லை. பாதியை வரைந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், மறுபாதி கண்ணாடியில் தெரிவதுபோலத் தானாக வந்துவிடும். பழக்கதோஷத்தில் மூளையையும் அப்படியே போட்டுவிட்டார்! இடப்பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டிய சிவப்பு, புடவைக் கரை மாதிரி இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்திருந்தது.

“அய்யோ, தப்புங்ணா! நாந்தானுங்ணா தப்புப் பண்ணிட்டேன்!” என்று கத்தினார். செய்த தப்புக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை இளம்பிள்ளை பார்த்திருக்காது. அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார். சமையலறை வாசலில் நின்ற சின்னண்ணன் மனைவி சௌந்திரம், “அவருக்கு எல்லாம் புரியுதுன்னு நான் சொன்னா யாரு நம்புனீங்க?” என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

தண்டாயுதபாணி அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டார், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டார். விஷயத்தைக் கேட்டு டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “நல்லவேளை, அச்சுக்குப் போகல. யாருங்க கண்டுபிடிச்சது?”

“எங்கண்ணனுங்க.”

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். “அப்ப மிச்சப் படத்தையும் அவர் பாத்துச் சொல்லட்டும். இப்பவே கூட்டிட்டு வாங்களேன், கிளினிக்லதான் இருக்கேன்” என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணன் நாற்காலியில் இல்லை. கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை உருவி, ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் கிளம்பச் சொல்லவில்லை.

வள்ளியாத்தாள் வழக்கம்போலப் பட்டன் போட்டுவிட எழுந்து போனார். கிட்டே போய்க் கையை நீட்டியவர் நின்றுவிட்டார்.

“நான் போட்டு உடட்டுமா சாமி?” என்று அவரையே கேட்டார்.

சின்னண்ணன் வேண்டாமென்று தலையை ஆட்டினார். அத்தை சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டார்.