பி.பி. நம்பர்

தொண்ணூற்றொன்றில் எங்கள் தெருவில் டெலிபோன் இருந்த ஒரே வீடு எங்களுடையதுதான். வசதியால் வந்ததில்லை. என் வீட்டுக்காரர் டெலிபோன் இலாகாவில் லைன்மேன், அதனால் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஹைவே ஓரமாக அப்போதுதான் ஒன்றிரண்டு கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. வேலைக்கென்று தெற்கேயிருந்து வந்தவர்கள் எங்கள் தெரு முழுக்கக் குடியிருந்தார்கள். அத்தனை பேரும் ஊருக்கு எங்கள் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தார்கள், பக்கத்தில் பி.பி. என்று இரண்டெழுத்தைப் போட்டு. போன் அடுத்த வீட்டில் இருக்கிறது, கூப்பிட்டுவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். கூப்பிட ஓடுகிற கால் என்னுடையது என்பதை எவரும் எழுதுவதில்லை.

"அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்ணுங்க" என்று வைத்துவிட்டு, அடுப்பைத் தணித்துவிட்டு ஓடுவேன். திரும்பி வருவதற்குள் குழம்பு அடிப்பிடித்திருக்கும். "வேலில போற ஓணான எடுத்து மடில வுட்டுக்கினு, அப்பால குத்துது குடையுதுன்னா எப்டி?" என்பார் வீட்டுக்காரர். பொய் சொல்வானேன், எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் முதலில் தெரிவது எனக்குத்தானே.

பக்கத்து வீட்டில் குடியிருந்தவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். புருஷனுக்குக் கம்பெனியில் மெஷின் லைனில் வேலை. ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது அவளுக்கு. கையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்று தலை வார என்னிடம்தான் வருவாள். அவள் "யக்கா" என்று கூப்பிட்டால் நான் எந்த வேலையையும் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லாத குறை எனக்கு. அவளுடைய அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து போன் பண்ணுவாள். மகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு விசாரணை நடக்கும். "எம்மவ ஒழுங்கா சாப்பிடுதாளா?" அந்த அம்மாளின் முகத்தை நான் பார்த்ததே இல்லை, குரலைத்தான் தெரியும்.

ஒரு நாள் காலை போன் வந்தது. அவளுடைய அண்ணன்.

"எங்கம்மா விடியக்காலம் போயிட்டா. தங்கச்சிட்ட சொல்லிராதீய. வயித்துப் புள்ளக்காரி, பஸ்ல தாங்க மாட்டா. சீரியஸா இருக்குன்னு மட்டும் சொல்லி, மச்சானயும் கூட்டிட்டு உடனே கெளம்பச் சொல்லுங்க. நாளைக்குக் காலைல எடுத்துருவோம், அதுக்கு மேல வைக்க முடியாது. எதையாவது சாப்பிட வச்சு அனுப்புங்க."

தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சாவைச் சாவு என்று சொல்வது நம்மிடம் வழக்கமில்லை. சீரியஸ் என்போம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்போம். பஸ் ஏறி ஊர்போய்ச் சேரும்வரை ஆள் தாங்க வேண்டும் அல்லவா. நானும் அப்படியே சொன்னேன்.

கொஞ்சம் அழுதாள். பிறகு அவளே சமாதானம் ஆனாள். "எங்கம்மாவுக்கு இந்த மூச்சிழுப்பு வரும், போவும் யக்கா." பையில் துணியை வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தலையை வாராமல் போனால் அம்மா ஏசுவாளாம். வாரினேன். தொடுத்து வைத்திருந்த கனகாம்பரத்தைப் பார்த்துக் கேட்டாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன். இட்லி வேண்டாம் என்றவளை, "வயித்துல கீற உசுருக்காவது துன்னு" என்று அதட்டிச் சாப்பிட வைத்தேன். அவள் மென்று முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் புருஷன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். அந்த வாரம் பூராவும் ஓவர்டைம் வேறு, இருட்டின பிறகுதான் வருவான். அதுவரை உட்கார்ந்திருந்தால் அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் தன் வீட்டைப் பூட்டப் போன நேரத்தில் கம்பெனிக்குப் போன் போட்டேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் எடுத்தார்.

"இன்னாமா, சீரியஸா? டெய்லி எவனுக்காச்சும் சீரியஸ் வந்துகினுதான் கீது. லீவு போட இதான் சாக்கு. சாவுன்னாதான் லைன்லேர்ந்து ஆள வுடுவாங்க."

போனை வாயோடு சேர்த்துக் கையால் பொத்திக்கொண்டேன். "சாவுதாங்க. அவரு மாமியார். பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாது. பாத்து சொல்லுங்க."

"செரிம்மா, சொல்லிட்றேன்."

அவர் ஆபீசில் சொன்னார். ஆபீசில் சூப்பர்வைசரிடம் சொன்னார்கள். சூப்பர்வைசர் அந்த மெஷின் சத்தத்தில் அவனிடம் போய்ச் சொன்னார். கை மாறி மாறி அவனிடம் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியது இவ்வளவுதான்: வீட்டில் சாவு, உடனே போ.

ஏதோ லாரியில் தொற்றிக்கொண்டு வந்து தெருமுனையில் குதித்தான். அங்கிருந்தே தலையில் அடித்துக்கொண்டு கதறியபடி ஓடி வந்தான். தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. பையும் கையுமாக அவளும் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பிறகு அத்தனை பேர் முன்னால் அவள் தோளைப் பிடித்தான், கன்னத்தைத் தொட்டான், வயிற்றைத் தொட்டான். சிரிக்கவும் செய்தான்.

"இருக்கியா புள்ள... வீட்ல சாவுன்னு சொன்னாவ. நான் நீதான்னு..."

அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப செத்தது யாரு யக்கா?"

நான் படியிறங்கி அவள் கையிலிருந்த பையை வாங்கப் போனேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கத்தி அழுவாள் என்று நினைத்தேன். தலையிலிருந்த பூவைப் பிய்த்துப் போட்டாள். "எங்கம்மா பொணமா கெடக்கையில என்னைய இட்லி திங்க வச்சிட்டியளே யக்கா. பூ வச்சு விட்டியளே." சாக்கடை ஓரமாகப் போய்க் குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டுச் சாப்பிட்டதை வெளியே எடுக்கப் பார்த்தாள். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து செங்கல்பட்டு போய்த் தெற்கே போகும் பஸ் பிடித்திருக்கிறார்கள். மறுநாள் எடுப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். நான் அந்தப் போனைப் போடாமல் இருந்திருந்தால் பார்த்திருக்க முடியாது. இதை யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டுமே! அண்ணன்காரர் காரியம் முடிந்த கையோடு போன் பண்ணி, "ஒரு சொல்ல ஒங்களால மனசுல வச்சிக்கிட முடியலியே" என்றார். "சாப்பிட வைக்கச் சொன்னது நீங்கதான, அதையும் உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றேன். அதற்குள் வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த அழுகை ஆத்திரத்தில் வந்ததா துக்கத்தில் வந்ததா, இன்னும் தெரியவில்லை.

பிரசவத்துக்கு அவள் ஊரிலேயே தங்கிவிட்டாள். அவன் மட்டும் திரும்பி வந்தான். வீட்டைக் காலி செய்துவிட்டு, அடுத்த தெருவில் கூட வேலை செய்யும் பையன்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான். என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் சும்மா கிடந்தது. மகள் சாப்பிடுகிறாளா என்று கேட்க ஆளில்லை.

இரண்டு மாதம் போனபிறகு ஒரு மத்தியானம் அந்த அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார். "பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. வேற நம்பர் கெடையாது, அதான். மச்சான்ட்ட இதயாவது ஒழுங்கா சொல்லிருங்க."

அவர் குத்திப் பேசின பேச்சுக்கு நான் போகாமலே இருந்திருக்கலாம். வீட்டுக்காரர் இருந்திருந்தால் போக விட்டிருக்க மாட்டார். ஆனால் அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது! செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

அவனுக்கு அன்றைக்கு நைட் ஷிப்ட். தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கதவைத் திறந்தான்.

"பொண்ணு பொறந்திருக்கு தம்பி. தாயும் புள்ளையும் சௌக்கியம்."

நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "மறைக்காம சொல்லுங்க. ரெண்டு உசிரும் இருக்கா?"

"எம் புள்ளைங்க மேல சத்தியமா, நல்லா கீறாங்க."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நம்பிவிட்டான் போலிருந்தது. உள்ளே போய்ச் சட்டையை எடுத்து மாட்டினான். கண்ணெல்லாம் உள்ளே போய், பட்டினி கிடந்தவன் மாதிரி இருந்தான். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை.

"எதையாவது ரெண்டு வாய் சாப்ட்டுட்டுக் கெளம்பு தம்பி" என்றேன்.

சட்டைப் பொத்தானில் இருந்த அவன் கை நின்றது. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். நல்லா கீறாங்க, நல்லா கீறாங்க என்று நான் சொல்லச் சொல்ல, அவன் அழுகை கூடிக்கொண்டே போனது.