பல்லிக்குத் தட்டிய விரல்

ஆலங்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். எனக்கு இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. வலது காது இப்போது அரைகுறை. கேட்காததை யாரிடமும் காட்டிக்கொள்வதில்லை. நாலு பேர் சிரித்தால் நானும் சிரிப்பேன், தலையாட்டினால் ஆட்டுவேன். இந்த வித்தையில் கெட்டிக்காரன் என்ற மிதப்பு வேறு.

காது மெஷின் மாட்டியும் பயனில்லை என்றானதும், திருச்சி டாக்டர் உள்காதில் கருவி வைக்கும் ஆபரேஷனைச் சொன்னார். காக்ளியர் இம்ப்ளான்ட். இடது காது பல வருஷமாகச் செத்துக் கிடப்பதால் வலது காதில்தான் வைப்பார்களாம். அதில் மிச்சமிருப்பதும் போய்விடலாம், குரல்கள் முதலில் பழைய ரேடியோ மாதிரிக் கரகரக்கும், பழகப் பழகத் தெளியும் என்றார். எனக்கு அங்கேதான் பயம் பிடித்தது. அந்தக் காதோரம் வந்து கத்தினால் என் மனைவியின் குரல் இன்னும் அவள் குரலாகவே கேட்கிறது. அதையும் பறிகொடுத்துவிட்டு ஒரு கரகரப்போடு குடித்தனம் நடத்துவதா? வெளியில் இதைச் சொல்லவில்லை. அந்தக் கருவியின் வெளிப்பாகம் காந்தத்தால் தலையில் ஒட்டி நிற்குமாம்; காந்தத்தை ஒட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தால் தராசுக் கல்லெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று மகளிடம் கிண்டலடித்துத் தட்டிக்கழித்தேன்.

போன ஞாயிறு மத்தியானம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆபரேஷன் செய்தால் அப்பாவுக்கு நல்லாக் கேட்கும் என்று மகள் காதருகே வந்து சொல்லி முடித்தாள். உடனே அவளும் அவள் அம்மாவும் விரலால் தரையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். பேச்சின் நடுவே பல்லி சொன்னால் எங்கள் வீட்டில் அப்படித் தட்டுவோம். சொன்னது பலிக்கும் என்று அர்த்தம்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பல்லி சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

வாயசைவிலேயே புரிந்தது. முகம் அப்படிப் பூரித்திருந்தது. தலையாட்டுவது எனக்குப் புதிதா என்ன? ஆனால் அந்த முகத்திடம் முடியவில்லை. நீங்கள் ரெண்டு பேரும் தட்டினீர்கள், அதைப் பார்த்து நானும் தட்டினேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் கண் கலங்கியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்த வேகத்தில், "ஒன் கொரலும் போயிருமோன்னுதான் பயமா இருக்கு" என்று உளறினேன்.

எழுந்து வந்து என் வலது காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"இதா என் கொரலு? கத்திக் கத்தி இப்படி ஆயிருச்சு. ஒங்ககிட்ட மெதுவா ஒரு ரகசியம் பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. திருச்சிக்கு என்றைக்குப் போகலாம் என்று மகளிடம் கேட்டேன்.