வெளியே கேட்டால் கேட்கட்டும்

சின்னவன் பிறந்த பிறகு நிரஞ்சலா எழும்பவில்லை. பிள்ளை வீரிட்டு அழுதாலும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே படுத்துக்கிடந்தாள். புருஷன் அழகர் பதுளைக்குக் கூட்டிப்போய் மனநல கிளினிக்கில் காட்டினான். அங்கே கொடுத்த மாத்திரை மெல்ல மெல்ல அவளை எழுப்பி உட்காரவைத்து, பிள்ளையைத் தூக்கவைத்து, மறுபடி கொழுந்து எடுக்க மலைக்கும் அனுப்பியது.

அப்படிப்பட்ட மாத்திரையை அவள் அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தாள். வேறென்ன செய்வாள்? சளிக்கு மருந்து குடித்தால் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கிற லயத்துச் சனம், மனசுக்கு மருந்து குடித்தால் பைத்தியம் என்று பேர் வைத்துவிடும். நல்ல நியாயம்.

போன வருஷம் கூடை சுமந்து சுமந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. மாமியார் வேலாயி அவளை லுணுகலையில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். டொக்டருக்கும் வெளியே வாங்குப் பலகையில் காத்திருக்கிற சனத்துக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். உள்ளே இருமினால் வெளியே கேட்கும்.

"வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" என்றார் டொக்டர்.

வெளியே பேச்சு சட்டென்று நின்றது. வாங்கில் பாதிப் பேர் அவள் தோட்டத்து ஆட்கள்.

"இல்லைங்க" என்றாள் நிரஞ்சலா.

வெள்ளைக் கடதாசி உறையில் வலி மாத்திரை வந்தது. என்ன மாத்திரை என்று உறையில் ஒரு எழுத்து இல்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் அந்திக்குள் கை நடுங்கியது. அந்தக் குளிரிலும் வேர்வை கொட்டியது. கால் தன்பாட்டுக்கு வெட்டி வெட்டி இழுத்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது, ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. முனி அடித்துவிட்டது என்று வேலாயி பூசாரிக்கு ஆள் அனுப்பினாள். அழகருக்குத்தான் நல்ல புத்தி வந்தது. ஆட்டோ பிடித்து அவளைப் பதுளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

பிழைத்து எழுந்தவளிடம் யாழ்ப்பாணத்து டொக்டர் குமாரசிங்கம் கட்டிலோரம் நின்று சொன்னார்: "கிளினிக் மாத்திரையும் வலி மாத்திரையும் தனித்தனிய நல்ல மருந்துதான் அம்மா. சேர்ந்தா ஆளையே கொண்டுபோயிடும். எங்க மருந்து எடுத்தாலும் இதைச் சொல்லுங்கோ. அதுக்காகக் கிளினிக் மருந்தைச் சட்டெண்டு நிப்பாட்டிப்போடாதேங்கோ."

வீட்டுக்கு வந்ததும் வேலாயி தொடங்கினாள். "எல்லாம் அந்தப் பைத்திய மாத்திரையால வந்த வென. அடுப்புல போடு."

நிரஞ்சலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அரிசி டின்னுக்குள் கையை விட்டு மாத்திரையை எடுத்தாள். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரியும்படி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இத விட்டா நான் திரும்பவும் செவரப் பாத்துப் படுத்துருவேன் மாமி. எம்புள்ளைக்கு நான் வேணும். இது இங்கதான் இருக்கும்."

இந்த வருஷம் மறுபடி இடுப்பு பிடித்தது. அதே டிஸ்பென்சரி, அதே துணித்திரை, வெளியே அதே வாங்கு, அதில் துணைக்கு வந்த வேலாயி. டொக்டர் எழுதிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார்.

"பதுளை மனநல கிளினிக்குல மருந்து குடிக்கிறேனுங்க" என்றாள் நிரஞ்சலா, மலையில் அடுத்த தேயிலை நிரைக்குக் குரல் கொடுப்பவள் போல. மாத்திரை அட்டையையும் மேசையில் வைத்தாள். "போன வருசம் நீங்க குடுத்த வலி மாத்திரையோட இது சேந்து சாகப் பாத்தேன்."

டொக்டரின் பேனா நின்றது. "மெதுவா சொல்லுங்க. வெளிய கேக்கும்."

"கேக்கட்டுமுங்க. அவங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் அன்னிக்கு இல்லைன்னேன்."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். எழுதியதை வெட்டிவிட்டு வேறொன்று எழுதினார்.

"உறையில மருந்துப் பேரையும் எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் அவள் எழுந்தாள்.

வெளியே ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள். "எல்லாருக்கும் கேட்டுருச்சேடி. மானம் போச்சு."

நிரஞ்சலா குரலைத் தாழ்த்தவில்லை.

"போன வருசம் மானம் பத்திரமாத்தான் இருந்துச்சு மாமி. போகப் பாத்தது நான்."